சீனத்து வீணையும் ஒரு தில்லி குருவும்

புது தில்லி: நாடாளுமன்றச் செய்திகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு உத்தரப் பிரதேசத்தின் கைரானா என்ற பெயர் புதிதல்ல. 2018-இல் நடைபெற்ற மக்களவை இடைத்தேர்தலின்போது நாடே உற்றுப் பார்த்த தொகுதி அது. தலைநகரிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவில், யமுனைக்கு அருகே ஷாம்லி மாவட்டத்தில் உள்ள இந்த ஊருக்குத் தேர்தல்களைவிடப் பழைமையான பெருமை ஒன்று உண்டு. ஹிந்துஸ்தானி இசையின் பெரும் மரபுகளில் ஒன்றான கிரானா கரானா தன் பெயரைப் பெற்றது இந்த ஊரிடமிருந்துதான்.

அந்த மரபின் கிளை ஒன்று தில்லி வழியாகக் கடல் கடந்து சென்று, மேற்கத்திய வயலின்களோடும் சீனத்து வீணையோடும் கைகோத்த கதை தில்லியிலேயே பலருக்குத் தெரியாது. 2008-இல் அமெரிக்காவில் நான்சச் நிறுவனம் வெளியிட்ட "தி கஸ்ப் ஆஃப் மேஜிக்" என்ற இசைத்தட்டு அந்தப் பயணத்தின் முக்கியமான கட்டம். இயற்றியவர் டெரி ரைலி. இசைத்தவர்கள் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கிரோனோஸ் நால்வர் குழுவும், சீனத்து வீணையான "பிப்பா"வை வாசிக்கும் வூ மான் என்ற பெண்மணியும். ரைலிக்கு இசையில் குருவாக அமைந்தவரோ தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பண்டித பிராண் நாத்.

கைரானாவின் இரு உஸ்தாதுகள்

கிரானா மரபை 20-ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தியவர்கள் இருவர். ஒருவர் உஸ்தாத் அப்துல் கரீம் கான். மைசூர் அரண்மனையோடு தொடர்பு கொண்டிருந்த அவர் கர்நாடக இசையையும் கற்று, தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றை இசைத்தட்டில் பாடிப் பதிவு செய்தவர். 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் வழியில், செங்கல்பட்டை அடுத்த சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் அவரது உயிர் பிரிந்தது. 2008-இல் பாரத ரத்னா விருதுக்கு அறிவிக்கப்பட்ட பீம்சேன் ஜோஷி அவரது சீடப் பரம்பரையில் வந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மற்றொருவர் அவரது உறவினரான உஸ்தாத் அப்துல் வஹீத் கான். செவித்திறன் குறைந்திருந்ததால் "பெஹ்ரே" வஹீத் கான் என்றே அழைக்கப்பட்டவர். மிக மிக மெதுவான விளம்ப காலத்தில், ஒவ்வொரு ஸ்வரமாக நின்று நிதானித்து ராகத்தை விரிப்பது அவரது வழி. பிராண் நாத் சேர்ந்தது இவரிடம்தான்.

பிடிவாதக்கார ஆசிரியர்

1918-இல் லாகூரில் பிறந்த பிராண் நாத், இசைக்காகத் தம் 13-ஆவது வயதில் வீட்டை விட்டு வெளியேறினார். வஹீத் கானின் வீட்டில் பல ஆண்டுகள் பணிவிடை செய்த பிறகே அவருக்குப் பாடம் கிடைத்தது. டேராடூனை அடுத்த தப்கேஷ்வர் குகைச் சிவாலயத்தில் உடலில் திருநீறு பூசி, சில ஆண்டுகள் துறவிபோல் வாழ்ந்து, இறைவனுக்கு மட்டுமே பாடியதாகவும் அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. இல்லறத்துக்குத் திரும்பி இசையை உலகுக்குக் கொண்டு செல்லுமாறு குரு ஆணையிட்டதால்தான் அவர் மலையிலிருந்து இறங்கி வந்தாராம்.

தலைநகரில் அவருக்கு வானொலியில் பாட வாய்ப்புக் கிடைத்தது. 1960 முதல் 1970 வரை தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும் இருந்தார். ஆனால் கச்சேரி மேடைகள் அவரைப் பெரிதாகக் கொண்டாடவில்லை. விறுவிறுப்பான தானங்களுக்கும் தபலாவோடு போட்டியிடும் வேகத்துக்கும் கைதட்டல் கிடைத்த காலத்தில், ஒரே ஸ்வரத்தில் நெடுநேரம் நின்று அதன் நுண்ணிய வேறுபாடுகளைத் தேடும் பாட்டுக்கு ரசிகர்கள் குறைவாகவே இருந்தனர். அதற்காகத் தமது முறையைச் சுருக்கிக் கொள்ள அவரும் இசையவில்லை.

1970-இல் அவர் நியூயார்க் சென்றார். அவரது ஒலிநாடாக்களைக் கேட்டு வியந்து அவரை அழைத்தவர்கள் லா மான்டே யங் என்ற இசையமைப்பாளரும் அவரது மனைவி மரியன் ஜஸீலாவும். 1972-இல் அங்கு கிரானா இசை மையம் தொடங்கப்பட்டது. தில்லியில் கேட்க ஆளில்லாத பொறுமைக்கு, அமெரிக்காவில் கேட்போர் காத்திருந்தது எப்படி?

குறைவில் நிறைவு

1960-களில் அமெரிக்க இளம் இசைஞர்கள் சிலர் ஐரோப்பிய செவ்வியல் இசையின் சிக்கலான கட்டுமானங்களிலிருந்து விலகத் தொடங்கியிருந்தனர். மிகக் குறைந்த ஸ்வரங்கள், இடைவிடாத ஒரே சுருதி, திரும்பத் திரும்ப வரும் சிறு சொற்கட்டு போன்ற இசைத் துணுக்குகள், காதுக்கே தெரியாமல் நிகழும் மாற்றம் ஆகியவை அவர்களது கருவிகள். "மினிமலிசம்" என்று பின்னர் பெயரிடப்பட்ட இந்த எளிமை இசையின் முன்னோடிகளாக லா மான்டே யங், டெரி ரைலி, ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் ஆகிய நால்வரைக் குறிப்பிடுவது வழக்கம்.

இவர்களுள் பிலிப் கிளாஸ், 1960-களின் நடுவே பாரிஸ் நகரில் பண்டித ரவிசங்கரின் திரைப்பட இசையை மேற்கத்தியக் குறியீட்டில் எழுதித் தரும் பணியில் ஈடுபட்டபோது இந்தியத் தாளத்தின் கணக்கை அறிந்து கொண்டவர். 1935-இல் கலிபோர்னியாவில் பிறந்த ரைலி, 1964-இல் "இன் சி" என்ற படைப்பால் புகழ் பெற்றார். 53 சிறு துணுக்குகள் மட்டுமே அதில் உண்டு. எத்தனை பேர் வேண்டுமானாலும், எந்தக் கருவியில் வேண்டுமானாலும் வாசிக்கலாம். ஒவ்வொரு துணுக்கையும் எத்தனை முறை சொல்வது என்பது வாசிப்பவரின் விருப்பம். ஆனால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும்.

இப்படிப் புகழ் பெற்ற ஒருவர் 1970-இல் பிராண் நாத்தைச் சந்தித்ததும், அதே ஆண்டு அவருடன் இந்தியாவுக்கு வந்து மாணவராக அமர்ந்தார். தம்பூரா மீட்டினார்; தபலா வாசித்தார்; ஸரிகமவிலிருந்து பாடக் கற்றார். 1970-களின் பெரும்பகுதியில் அவர் இசையைத் தாளில் எழுதுவதையே நிறுத்தி வைத்தார். 1996-இல் கலிபோர்னியாவில் பிராண் நாத் காலமாகும் வரை, 26 ஆண்டுகள் அந்த குரு - சீட உறவு நீடித்தது.

மீண்டும் எழுதத் தொடங்கியவர்

கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் இருந்த மில்ஸ் கல்லூரியில் ரைலி 1971 முதல் ஆசிரியராகப் பணியாற்றினார். பிராண் நாத்தும் 1973 முதல் 1984 வரை அங்கு வந்து கற்பித்தார். அதே கல்லூரிக்கு 1970-களின் இறுதியில் வந்து சேர்ந்தது கிரோனோஸ் நால்வர் குழு. வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன் 1973-இல் சியாட்டில் நகரில் தொடங்கிய குழு அது.

இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழு என்பது ஐரோப்பாவில் 18-ஆம் நூற்றாண்டில் ஹெய்டன் காலத்திலிருந்து வேரூன்றிய அமைப்பு. அரங்கத்தைவிட ஒரு வீட்டுக் கூடத்துக்கே உரிய நெருக்கமான இசை என்பதால் அதை அறை இசை என்பார்கள். இந்த அமைப்புக்காகப் புதிதாக எழுதித் தருமாறு ஹாரிங்டன் ரைலியை விடாமல் வற்புறுத்தினார். தாளையும் பேனாவையும் கிட்டத்தட்ட மறந்துவிட்டிருந்த ரைலி, 1980-இல் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

அவர் கொடுத்த தாள்களில் ஸ்வரங்கள் இருந்தன. எங்கே அழுத்த வேண்டும், எங்கே மெலிய வேண்டும், வில்லை எப்படி இழுக்க வேண்டும் என்ற குறிப்புகள் பெரும்பாலும் இல்லை. ஒத்திகையில் கூடி உட்கார்ந்து, கேட்டுக் கேட்டு, அவற்றை நால்வருமே கண்டடைய வேண்டியிருந்தது. ஏட்டைவிடக் காதுக்கு முதலிடம் தரும் குருகுல முறை, இவ்வாறு ஐரோப்பிய அறை இசைக்குள் நுழைந்தது. பிற்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய படைப்புகளுக்குக் காரணமான கிரோனோஸ் குழு, மிக அதிகமாக நாடிய இசையமைப்பாளர்களில் ஒருவராக ரைலி திகழ்ந்தார்.

பிப்பா வந்த பாதை

பிப்பா பேரிக்காய் வடிவ உடலும் நான்கு தந்திகளும் கொண்டது. மடியில் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார்கள். வலக்கை விரல் வெளிப்புறமாகச் சுண்டுவது "பி", உட்புறமாக இழுப்பது "பா" எனப் பெயர்க் காரணம் கூறப்படுகிறது. இது சீனத்தின் பெருமைக்குரிய இசைக்கருவி என்றாலும், மத்திய ஆசியாவின் வணிகப் பாதைகள் வழியே அங்கு சென்று சேர்ந்தது. இதே போன்ற பேரிக்காய் வடிவ யாழ்க்கருவிகளைக் காந்தாரச் சிற்பங்களிலும் ஆந்திரத்தின் அமராவதி சிற்பங்களிலும் காணலாம்.

கி.பி. 568-இல் துருக்கிய இளவரசி ஒருவர் சீனப் பேரரசரை மணக்கச் சென்றபோது, உடன் சென்ற பரிவாரத்தில் சுஜீவன் என்ற பிப்பா கலைஞர் இருந்தார். இன்றைய ஷின்ஜியாங் பகுதியின் கூச்சா நகரத்தவர். அவர் அறிமுகப்படுத்திய ஏழு இசை முறைகளின் பெயர்களைச் சீனத்தின் சுய் வம்ச வரலாற்று நூல் பதிவு செய்துள்ளது. அவற்றுள் சில, பஞ்சமம், சாதாரிதம் போன்ற வடமொழிப் பெயர்களின் திரிபுகள் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டுள்ளனர். புதுக்கோட்டை மாவட்டத்தின் குடுமியான்மலை இசைக் கல்வெட்டில் உள்ள ஏழு பிரிவுகளிலும் இந்த இரு பெயர்களும் உள்ளன. தேவாரப் பண்களில் பஞ்சமமும் சாதாரியும் இருப்பதைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இக்காலத்தில் பிப்பாவை உலக அரங்குகளுக்குக் கொண்டு சென்றவர் வூ மான். 1963-இல் சீனத்தின் ஹாங்ஜோ நகரில் பிறந்தவர். பண்பாட்டுப் புரட்சிக்குப் பின் மீண்டும் உயிர்பெற்ற பெய்ஜிங் மத்திய இசைக் கல்லூரியில் பயின்று, பிப்பாவில் முதுநிலைப் பட்டம் பெற்ற முதல் நபர். 1990-இல் அமெரிக்காவில் குடியேறினார். 1992 முதல் கிரோனோஸ் குழுவுடன் சேர்ந்து வாசித்து வருகிறார். நால்வர் குழுவும் பிப்பாவும் இணைந்த படைப்புகளுள் முதலில் பரவலாகப் பேசப்பட்டது, சீன இசையமைப்பாளர் டான் டுன் 1994-இல் எழுதிய "கோஸ்ட் ஆபெரா". தண்ணீர், கல், காகிதம், உலோகம் ஆகியவற்றின் ஓசைகளும் அதில் இசையாகவே சேர்க்கப்பட்டன.

இந்தியர்கள் இக்கூட்டணியைத் தம்மை அறியாமலேயே கேட்டிருக்கக்கூடும். ஆர்.டி. பர்மனின் ஹிந்தித் திரைப்பாடல்களை கிரோனோஸ் குழு 2005-இல் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டபோது, பாடியவர் அப்போது 70 வயதைக் கடந்திருந்த ஆஷா போஸ்லே. தபலா, ஜாகிர் உசேன். பிப்பா, வூ மான்.

ஐவர் கூடிய அரங்கு

இரண்டு நாட்டுக் கருவிகளை ஒரே மேடையில் அமர்த்துவது எளிது. ஆனால் இரண்டையும் சமமாக நடத்துவது கடினம். வில்லால் இழுக்கும் வயலினில் ஒரு ஸ்வரத்தை வேண்டிய அளவுக்கு நீட்டலாம். சுண்டி எழுப்பும் பிப்பாவின் ஒலியோ உடனே தேயத் தொடங்கும். வயலினில் மெட்டுகள் இல்லை. விரல் எங்கும் நிற்கலாம். பிப்பாவில் மெட்டுகளின் இடம் முன்பே முடிவு செய்யப்பட்டது. இப்பிரச்சினை நமக்கும் அறிமுகமானதுதான். ஹார்மோனியத்தின் அசையா ஸ்வரங்கள் நமது இசைக்குப் பொருந்தா என்று கூறி 1940-இல் அகில இந்திய வானொலி அதற்குத் தடை விதித்ததும், 1970-களில்தான் அது தளர்ந்ததும் நினைவுகூரத்தக்கவை.

பிப்பாவிடம் இதற்கு விடைகள் உண்டு. வீணையைப் போலவே தந்தியை மெட்டின் மீது பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை வளைக்கலாம். ஐந்து விரல்களையும் சக்கரம்போல் சுழற்றி இடைவிடாமல் மீட்டினால் ஒற்றை ஸ்வரம் நீண்டு ஒலிக்கும். "லுன்ஜி" எனப்படும் இம்முறை பிப்பா பயிற்சியின் உயிர்நாடி. ஆயினும், இசையமைப்பாளர் அவசரப்பட்டால் இதெல்லாம் பயனற்றுப் போகும். நால்வர் குழுவின் முழக்கத்துக்கு நடுவே அவ்வப்போது சீன மணம் கமழச் செய்யும் தாளிதமாகப் பிப்பா சுருங்கிவிடும். கலப்பிசை என்ற பெயரில் வரும் பலவற்றின் குறை இதுவே.

ரைலி 2004-இல் இயற்றிய "தி கஸ்ப் ஆஃப் மேஜிக்", ஆறு பகுதிகள் கொண்டது. "கஸ்ப்" என்பது ஒரு ராசி முடிந்து மறு ராசி தொடங்கும் சந்தி. கோடையின் நீண்ட பகல்கள் வரும் ஜூன் மாதத்தின் அந்தச் சந்தியை ஒட்டியே ரைலியின் பிறந்த நாளும் வருகிறது. அமெரிக்கப் பழங்குடியினரின் இரவு வழிபாட்டை நினைவூட்டும் கிலுகிலுப்பையும் முரசும் தொடக்கத்தில் சீராக ஒலிக்க, அதன் மேல் தந்திகள் மெல்லப் படர்கின்றன. "புத்தரின் படுக்கையறை" என்ற பகுதியில் வூ மான் தாலாட்டுப் பாடுகிறார். குழந்தைகளின் அறையைச் சித்திரிக்கும் பகுதியில் பொம்மைகளின் ஓசைகளும் வருகின்றன. இறுதிப் பகுதி ஒரு பிரார்த்தனை.

இதில் குறிப்பிட்ட ராகம் ஒன்றைத் தேடுபவர் ஏமாறக்கூடும். கிரானா மரபிலிருந்து ரைலி எடுத்துக் கொண்டது, ஒரு ஒலிக்கு அது முழுமையாக மலரும் வரை காலம் கொடுக்கும் பழக்கத்தை. துணுக்குகள் திரும்பத் திரும்ப வருவதால், பிப்பாவின் ஒலி தேய்ந்து அடங்குவதையும் காது முழுமையாகக் கேட்கிறது. அது அடங்கும் இடத்தில் வயலின் அதே ஸ்வரத்தை மென்மையாக ஏந்திக் கொள்கிறது. எது அமெரிக்கா, எது சீனம் என்று பிரித்துப் பார்க்கும் எண்ணம் சற்று நேரத்தில் விலகிவிடுகிறது.

தில்லிக்கு என்ன பங்கு?

இந்திய இசையை மேற்கத்தியர்கள் கடன் வாங்கித் தங்கள் பெயரில் விற்றுவிட்டார்கள் என்ற குறை இங்கு அடிக்கடி எழுவதுண்டு. அது முற்றிலும் ஆதாரமற்றதல்ல. 1960-களில் சித்தாரை அலங்காரப் பொருளாகப் பயன்படுத்திய பாடல்கள் ஏராளம். ஆனால் ரைலிக்கு அதைப் பொருத்துவது நியாயமாகாது. அவர் குருவின் பெயரை மறைத்ததில்லை. 26 ஆண்டுகள் காலடியில் அமர்ந்து கற்றார். 2020-இல் ஜப்பான் சென்றிருந்தபோது கரோனா பெருந்தொற்று பரவவே, அங்கேயே தங்கிவிட்ட அவர், காமகுரா நகரில் ராகப் பாட வகுப்பு நடத்தினார். 2025 ஜூனில் அவருக்கு 90 வயது நிறைந்தது.

தில்லி தன்னைத் தானே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி வேறு. பத்தாண்டுகள் இங்கு ஆசிரியராக இருந்த ஒருவரின் பாட்டைக் கேட்க விரும்பும் இன்றைய மாணவர், பெரும்பாலும் அமெரிக்காவில் வெளியான இசைத்தட்டுகளையே நாட வேண்டியுள்ளது. நமது ஹிந்தோளத்துக்கு இணையான மால்கௌன்ஸ் ராகத்தை நள்ளிரவு வேளைக்கு உரிய கம்பீரத்தோடு அவர் பாடிய பதிவுகள், சான் பிரான்சிஸ்கோவிலும் நியூயார்க்கிலும் 1970-களில் எடுக்கப்பட்டவை. அவை இசைத்தட்டாக வந்தது 2003-இல், அவர் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. அவற்றைப் பாதுகாத்து வெளியிட்டவர்கள் அவரது அமெரிக்கச் சீடர்கள்.

விருதுப் பட்டியல்களும் நூற்றாண்டு விழாக்களும் புகழ் பெற்றவர்களைச் சுற்றியே அமைகின்றன. கைதட்டலுக்காக வளைந்து கொடுக்காத ஆசிரியர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கிறார்கள். அவர்களது பாட்டைப் பதிவு செய்து வைக்க அதிக நிதியோ பெரிய கட்டடங்களோ தேவையில்லை. அவர்கள் உயிரோடு இருக்கும்போதே சென்று கேட்கும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமற்போனதன் விலையை, வஹீத் கானின் மரபில் வந்த ஒரு பெரும் பாடகரின் விஷயத்தில் தலைநகர் கொடுத்துவிட்டது.

இதில் ஆறுதலும் இல்லாமல் இல்லை. ரைலியின் "இன் சி" 1989-இல் ஷாங்காய் திரைப்பட இசைக்குழுவால் சீன மரபுக் கருவிகளில் பதிவு செய்யப்பட்டது. 2017-இல் நியூயார்க்கின் புரூக்ளின் ராக மாசிவ் குழு அதே படைப்பை இந்திய இசைக்கருவிகளில் வாசித்து வெளியிட்டது. இளம் குழுக்களுக்காக 50 படைப்புகளை எழுதி வாங்கி இலவசமாக வழங்கிய கிரோனோஸ் குழுவின் திட்டத்தில், வூ மான் எழுதிய "நான்கு சீன ஓவியங்கள்" உள்ளது. 2024 டிசம்பரில் மறைந்த ஜாகிர் உசேன் எழுதித் தந்த படைப்பும் உள்ளது. அவர் அதற்குச் சூட்டிய பெயர் "பல்லவி".

உலகின் எந்த மூலையிலுள்ள நால்வர் குழு மாணவரும் இன்று அந்த இரு படைப்புகளின் ஏடுகளையும் பெற்று அடுத்தடுத்து வாசிக்க முடியும். கைரானாவுக்கு அருகிலுள்ள தில்லியிலும் அது முடியும்.